மாமியார் பெட்டியில் கரடி ஸ்பிரே

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது நாற்றம்தான். விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரி கையுறை போட்ட இரண்டு விரலால் ஓர் அழுக்கு சாக்ஸைத் தூக்கிப் பிடித்தாள். உதறியதும் ஒரு சிவப்பு டப்பா மேஜையில் உருண்டது. டப்பாவின் மேல் வாயைப் பிளந்த கரடிப் படம்.

"கரடி விரட்டுற ஸ்பிரே. யார் பெட்டி இது?"

"என்னோடது," என்றாள் அம்மா.

பக்கத்தில் நின்ற மகள் சாக்ஸை உற்றுப் பார்த்தாள். பெட்டி அம்மாவுடையதுதான். ஆனால் அந்த சாக்ஸ் மகளின் புருஷனுடையது. அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அடையாளம் தெரியாதா என்ன?

புருஷனும் அவளும் அம்மாவுமாக மூவரும் மலைக்காட்டில் குடில் எடுத்துத் தங்கப் போகிறார்கள். ஸ்பிரேயை விமானத்தில் ஏற்றவே கூடாது, இறங்கின இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று போன வாரமே அவனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "கைப்பையிலதான் கூடாது. பெட்டியில போட்டா எவனுக்குத் தெரியும்?" என்றான் அந்த மேதாவி.

"கைப்பையிலயும் கூடாது, பெட்டியிலயும் கூடாதும்மா," என்றாள் அதிகாரி. "மேல போனப்புறம் கசிஞ்சா அத்தனை பேருக்கும் கண்ணும் தொண்டையும் எரியும். எதுக்கு வச்சீங்க?"

"நாய்த் தொல்லை."

"நாய்க்கு யாராவது கரடி மருந்து வாங்குவாங்களா? அதுவும் சாக்ஸுல சுத்தி? உள்ள வாங்க, விசாரிக்கணும். இந்த விமானத்துல நீங்க ஏற முடியாது."

சாக்ஸ் யாருடையது என்று அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் மாப்பிள்ளைக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் கவலை. மாப்பிள்ளையோ செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"வாயத் திறங்க," என்று அவன் முழங்கையைக் கிள்ளினாள் மகள்.

"அத்தையே ஒத்துக்கிட்டாங்களே, விடேன். வயசானவங்க, திட்டிட்டு அனுப்பிடுவாங்க. நான்னா கேஸ் போடுவாங்க. அதுக்குத்தானே அவங்க பெட்டியில வச்சேன்."

பாதி சாப்பிட்ட பிறகு தட்டில் முடியைப் பார்த்ததுபோல இருந்தது அவளுக்கு.

"மேடம், அது இவரோடது."

"சும்மா இருடி," என்று பதறினாள் அம்மா. "மாப்பிள்ளையப் போய்..."

"மாப்பிள்ளைன்னா என்னம்மா, கரடியா? இப்படிப் பயந்து சாகுற."

அதிகாரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "சார், நீங்க வாங்க."

அவன் முகத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று வழிந்தது. "அது வந்து மேடம்... காட்டுல பயமா இருக்கும்னு அத்தைதான் வாங்கச் சொன்னாங்க. பெரியவங்க பேச்சத் தட்ட முடியுமா?"

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி அவனைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நான் சொல்லல," என்றாள் அதிகாரியிடம். "எனக்கு எதுவும் தெரியாது. இவர்தான் வச்சிருக்கார்."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் போகலாம்மா," என்றாள் அதிகாரி. அவனை உள்ளறைக்கு அழைத்துப் போனார்கள். "நான் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க," என்று அங்கிருந்தும் அதிகாரம் பண்ணினான்.

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறும் வாசலைப் பார்த்து நடந்தாள். இந்தத் தடவை அம்மா தடுக்கவில்லை.