சாய்வு நாற்காலி விற்பவள்

எங்கள் கடை முழுக்க நாற்காலிகள்தான். விற்கிற எங்களுக்கு மட்டும் உட்கார ஒன்று கிடையாது. "நீங்க உக்காந்தா புதுசு பழசாயிடும்" என்பார் முதலாளி, தன் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி.

வருடக்கணக்கில் நின்றே என் இடது கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டது. வலியில் உயிர் போனது. டாக்டரிடம் போனேன்.

"ரத்தம் மேல ஏறினா திரும்பக் கீழ இறங்காம தடுக்க, குழாய்க்குள்ள சின்னச் சின்ன வால்வு இருக்கும்மா. அது பழுதானா ரத்தம் கால்லயே தேங்கும், குழாய் வீங்கும். லேசர் சூட்டுல அதை அடைச்சுடலாம். ரத்தம் வேற குழாய் வழியா போயிடும். ஆனா நின்னுக்கிட்டே இருந்தா அதுவும் வீங்கலாம். அப்பப்போ உக்காந்து காலை உயர்த்தி வைங்க."

லேசர் முடிந்து, இறுக்கமான காலுறையோடு கடைக்குத் திரும்பி ஒரு ஸ்டூல் கேட்டேன்.

"வீட்லயே நிம்மதியா உக்காரேன், யாரு வேணாங்கறா?" என்றார் முதலாளி. பழைய இடத்திலேயே போய் நின்றேன்.

அன்று மாலை கால் வீங்கிய ஓர் அம்மா வந்தார். சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, அவர் காலை உயர்த்தி, டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். பேரம் பேசாமல் வாங்கிப்போனார்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்! எங்க கத்துக்கிட்ட?"

"இங்க நின்னுதான்."

"மத்த பொண்ணுங்களுக்கும் சொல்லிக்கொடு."

நின்றுகொண்டே இருந்தால் கால் என்னவாகும் என்று விளக்கினேன். அவர்கள் நின்றுகொண்டே கேட்டார்கள். அவர் மட்டும் உட்கார்ந்து தலையாட்டினார்.