அரை மணி நேரம் மூத்தவள்

ஸ்ரீலக்ஷ்மியைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்லவில்லை. பிள்ளையின் அப்பா ராமானுஜம் தட்டிலிருந்து ஒரு வாழைக்காய் பஜ்ஜியை எடுத்தார். அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பத்து வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

“ஒருத்தன் ஒளியோட வேகத்துல ஓடிண்டே கையில கண்ணாடியைப் பிடிச்சுண்டா, அதுல அவன் மூஞ்சி தெரியுமோ, தெரியாதோ?”

ஸ்ரீலக்ஷ்மிக்கு உயிர் வந்தது. தெற்கு மாட வீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவள் அவள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “அந்த வேகத்துல யாராலயும் ஓட முடியாது மாமா. கிட்டத்தட்ட அந்த வேகத்துல ஓடினா, கண்ணாடியும் கூடவேதானே ஓடறது? மூஞ்சி எப்பவும் போலத் தெரியும்” என்றாள்.

“எப்பவும் போலன்னா என் மூஞ்சிதானே தெரியும். அதுக்கா அவ்வளவு வேகமா ஓடணும்” என்றார் ராமானுஜம். பிறகு ரயில், லிஃப்ட், சூரியன் திடீரென்று அணைந்துபோனால் நமக்கு எப்போது தெரியும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். பஜ்ஜி ஆறிப்போனது.

இது 1997 நவம்பர். பிள்ளை ஜெயராம் தொலைபேசி இலாகாவில் எஞ்சினீயர். டியூஷன் சென்டரில் எலி கடித்த ஒயரை மாற்ற ஆள் அனுப்ப வேண்டியவன், தானே வந்தான். அதன்பின், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த அதே ஃபோனை ரிப்பேர் செய்ய இன்னும் மூன்று தடவை வந்தான். நாலாம் தடவை ஸ்ரீலக்ஷ்மியே, “இதுக்கு மேல அந்த ஃபோன் தாங்காது, ஆத்துல வந்து பேசுங்கோ” என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தப் பெண் பார்க்கும் படலம். நாலரை மணிக்கு நல்ல நேரம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் மூன்று ஐம்பதுக்கே வாசலில் நின்றார்கள்.

“எங்காத்துக் கடிகாரத்தால வந்த வினை” என்று ராமானுஜம் அதற்கு மன்னிப்புக் கேட்டார். “எண்பத்துநாலுல, இருபத்தஞ்சு வருஷ சர்வீசுக்கு ஆபீஸ்ல கொடுத்த கடிகாரம். நான் பஸ்ஸைத் தவற விடறேன்னு மாட்டின அன்னிக்கே இவ நாற்பது நிமிஷம் முன்னால வச்சுட்டா. ஆத்துல எல்லாரும் கழிச்சுண்டுதான் மணி பார்ப்போம். இன்னிக்குச் சந்தோஷத்துல கழிக்க மறந்துட்டோம்.”

“முன்னால வச்சும் பஸ்ஸைத் தவற விட்டேள்” என்றாள் அவர் மனைவி வைதேகி.

வைதேகி மாமி அன்று அதிகம் பேசவில்லை. சொஜ்ஜியைச் சாப்பிட்டாள், நெய் போதும் என்றாள், பெண்ணைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தாள். பிடித்திருந்த மாதிரிதான் இருந்தது. கடைசியில் ஜாதகத்தை வாங்கிப் பிரித்தவள் முகம் மாறியது.

“பன்னண்டாம் தேதி ஜனவரி, எழுபது. ராத்திரி பதினொண்ணு நாற்பது.” மடித்து வைத்தாள். “எங்க ஜெயராம் மறுநாள், போகி அன்னிக்கு விடிகாலை நாலு நாற்பதுக்குப் பிறந்தான். ஆத்துலயே பிரசவம். நர்ஸ் புஷ்பம் மணி பார்த்து எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் பெட்டியில இருக்கு.”

எல்லோரும் மனசுக்குள் கழித்துப் பார்த்தார்கள். ஐந்து மணி நேரம். பெண், பிள்ளையைவிட ஐந்து மணி நேரம் மூத்தவள்.

“அஞ்சு மணி நேரம் ஒரு வித்தியாசமா?” என்றான் ஜெயராம்.

“ஒரு நிமிஷம் மூத்தவளா இருந்தாலும் எங்காத்துல வழக்கமில்லை” என்றாள் மாமி. குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஸ்ரீலக்ஷ்மிக்கு ஆத்திரமாக வந்தது. இருபத்தேழு வயசு முடியப்போகிறது. இதுவரை வந்த வரன்களில் ஒருவன் கறுப்பு என்றான், ஒருவன் உயரம் என்றான், ஒருவன் காரணமே சொல்லாமல் கடிதம் போட்டான். அவளே பார்த்து, அவளுக்கே பிடித்து வந்தவன் இவன் ஒருவன்தான். அவனும் ஐந்து மணி நேரத்தில் கை நழுவிப் போகிறான் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

கல்யாணம் நின்றுபோனாலும் ராமானுஜத்தின் சந்தேகங்கள் நிற்கவில்லை. மறுநாளிலிருந்து டியூஷன் சென்டருக்கே வர ஆரம்பித்தார், அதுவும் நாற்பது நிமிஷம் முன்னதாக. முதலில் சுற்றிவளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

“காலத்துல பின்னால போக முடியுமாம்மா? ரொம்ப வேண்டாம். அஞ்சு மணி நேரம் போதும்.”

“பின்னால போக வழியே இல்லை மாமா” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

பாவம், மனுஷர் வீட்டிலும் தோற்றுவிட்டு இங்கே வந்திருக்கிறார் என்பது புரிந்ததும் அவளுக்கு அவர் மேல் பாசமே வந்துவிட்டது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் கூப்பிட்டதும், பாலத்தின் மேலேயே ஓடும் பறக்கும் ரயிலில் ஏறினாள். மயிலாப்பூருக்கு அந்த ரயில் வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. வேலை இருந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க ஏறியவர்கள்தான் அதிகம். ராமானுஜம் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மேலே தூக்கிப்போட்டார். அது நேராக அவர் கையிலேயே விழுந்தது.

“வண்டி முன்னால போறதே, பழம் ஏன் பின்னால போய் விழலே?”

“பழமும் வண்டியோட சேர்ந்துதானே போயிண்டிருக்கு மாமா.”

இன்னொரு தடவை போட்டார். இன்னொரு தடவை. ஐந்தாம் தடவை பழம் மேலே இருக்கும்போது, கலங்கரை விளக்கம் ஸ்டேஷனுக்காக டிரைவர் பிரேக் போட்டார். பழம் முன்னால் பறந்து, எதிரே உட்கார்ந்திருந்த நொச்சிக்குப்பத்து அம்மாளின் காலி மீன்கூடையில் விழுந்தது.

“இன்னா நைனா, பயத்த என் கூடைல போட்டுகினு கீறே?” என்றாள் அந்த அம்மாள்.

“மன்னிச்சுக்கோம்மா. ஒரு பரிசோதனை. பழம் ஏன் அங்க வந்ததுன்னா...”

“வண்டி நின்னுச்சு, பயம் நிக்கல. அவ்ளோதான. இதுக்கு இன்னாத்துக்கு டிக்கெட் எட்த்துகினு வந்துகீறே?” பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் இறங்கிப்போனாள்.

இரண்டு வகுப்பு எடுத்துப் புரியவைக்கிற விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறாளே என்று ஸ்ரீலக்ஷ்மிக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ராமானுஜம் பழத்தில் மீன் வாசனை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டார்.

“வேகமாப் போறவாளுக்கு வயசு மெதுவா ஏறும்னு படிச்சேனே, அது நெஜமா?”

“நெஜம்தான். ஆனா ரொம்பக் கொஞ்சம். நீங்க கேட்பேள்னு நேத்தே கணக்குப் போட்டுட்டேன்” என்றாள் வெட்கத்துடன். “விமானத்துல போனாக்கூட, அஞ்சு மணி நேரம் இளையவளாக நான் நூத்தறுபது கோடி வருஷம் இறங்காமப் பறக்கணும்.”

ராமானுஜம் யோசித்தார். “தை மாசத்துக்குள்ள முடியாது.”

“முடியாது மாமா. பிறந்த கையோட லண்டன்லேர்ந்து விமானத்துல வந்தேனே, அதுல ஒரு நொடியில பத்து கோடில ஒரு பாகம் மிச்சம் பிடிச்சிருப்பேன். அவ்வளவுதான்.”

“எங்கேர்ந்து வந்தே?”

“லண்டன்லேர்ந்து. அப்பா அங்க தூதரகத்துல டைப்பிஸ்டா இருந்தாரே. நான் அங்கதான்...” அவள் நிறுத்திவிட்டாள்.

“பதினொண்ணு நாற்பது” என்றார் ராமானுஜம் மெதுவாக, “எந்த ஊர் மணி?”

ஜாதகம் கணித்த மயிலாப்பூர் ஜோசியர் அதைக் கேட்கவில்லை. ஸ்ரீரங்கன், அதாவது அவள் அப்பா, சொல்லவில்லை. குழந்தை எந்த ஊரில் பிறந்தால் என்ன, மணி என்பது மயிலாப்பூர் மணிதான் என்று ஜோசியர் எழுதித் தள்ளிவிட்டார். காலம் ஆளுக்கு ஆள் மாறும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிற ஸ்ரீலக்ஷ்மிக்கும் இருபத்தேழு வருஷமாக அது உறைக்கவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ராமானுஜம் விரல் விட்டு எண்ணினார். லண்டனுக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேரம். அங்கே இரவு பதினொன்று நாற்பது என்றால் இங்கே மறுநாள் விடிகாலை ஐந்து பத்து. ஜெயராம் பிறந்தது நாலு நாற்பதுக்கு. “என் பிள்ளை அரை மணி நேரம் மூத்தவன்” என்று அந்த ரயில் பெட்டிக்கே கேட்கும்படி சொன்னார்.

வைதேகி மாமி சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை. கணக்கை ஜோசியரிடம் கொண்டுபோய்ச் சரிபார்த்தாள். நேரம் மாறியும் நட்சத்திரம் மாறவில்லை, பொருத்தமும் பிழைத்தது. சரி என்றாள். மார்கழி பிறப்பதற்குள் நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. ஸ்ரீலக்ஷ்மி அந்த வாரம் பரீட்சைத் தாள்களில் தாராளமாக மார்க் போட்டாள்.

நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் முன்பு ஸ்ரீரங்கன் சாப்பிட்டுக்கொண்டே பழங்கதை பேச ஆரம்பித்தார். “நீ பிறந்த குளிர்காலம் இருக்கே, கார்த்தால ஒன்பது மணி வரைக்கும் கும்மிருட்டு. பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் மேல கார் மோதிடப்போறதேன்னு கையில பளபளன்னு பட்டை கட்டி அனுப்புவா. அந்த மூணு வருஷம் அந்த ஊர் கவர்மெண்டு, கோடைகாலத்துல ஒரு மணி முன்னால தள்ளின கடிகாரத்தைக் குளிர்காலத்துலயும் திருப்பி வைக்காம அப்படியே விட்டுட்டான்.”

ஸ்ரீலக்ஷ்மி பிசைந்த சோற்றை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். ஐந்தரை இல்லை. நாலரை. பதினொன்று நாற்பதோடு நாலரையைக் கூட்டினால் இங்கே நாலு பத்து. ஜெயராம் நாலு நாற்பது. அவள்தான் அரை மணி நேரம் மூத்தவள்.

ஜெயராமிடம் சொன்னபோது அவன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. “யாருக்குத் தெரியப்போறது லக்ஷ்மி?”

“எனக்குத் தெரியுமே.”

“அம்மா கிட்டச் சொன்னா கல்யாணம் அவ்வளவுதான்.”

அது அவளுக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு மாமி யாரிடமாவது, “எங்க பிள்ளை அரை மணி பெரியவனாக்கும்” என்று பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும். ஒருநாள் இல்லை, ஆயுசு முழுக்க. அது தன்னால் ஆகாது என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் காலை டியூஷன் முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல், வருங்கால மாமியார் வீட்டுக்கு முதல் தடவையாகத் தனியே போய் நின்றாள். ராமானுஜம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமி கூடத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஸ்ரீலக்ஷ்மி உட்காரவில்லை. நின்றபடியே, கரும்பலகை முன் சொல்வது போல ஒவ்வொரு படியாகச் சொல்லி முடித்தாள்.

“அதனால நான்தான் மூத்தவ, மாமி. அரை மணி நேரம்.”

ராமானுஜம் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். மாமி ஒரு அவரைக்காயின் நாரை நிதானமாக உரித்தாள். அது வெகுநேரம் உரிந்துகொண்டே போனது.

“உங்கப்பா அனுப்பினாரா?”

“அவருக்குத் தெரியாது.”

“ஜெயராமுக்கு?”

“தெரியும். சொல்ல வேண்டாம்னார்.”

“அவன் அப்பா பிள்ளை” என்றாள் மாமி. மடியிலிருந்த நாரைத் தட்டிவிட்டு எழுந்தாள். “நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குச் செத்தாலும் தெரிஞ்சிருக்காது.”

“ஆமாம் மாமி.”

மாமி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெண் பார்க்க வந்த அன்று பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் அருகே போனாள்.

“நாலு நாற்பதுன்னு நர்ஸ் புஷ்பம் எதைப் பார்த்து எழுதினாங்கறே? இந்தக் கடிகாரத்தைப் பார்த்துதான். இது எப்பவும் நாற்பது நிமிஷம் முன்னாலன்னா ஓடறது? கழிச்சுக்கோ.”

ஸ்ரீலக்ஷ்மி கழித்தாள். நாலு மணி. ஜெயராம் பத்து நிமிஷம் மூத்தவன்.

“வைதேகி,” பேப்பருக்குப் பின்னாலிருந்து ராமானுஜத்தின் குரல் வந்தது. “அந்தக் கடிகாரம் எனக்கு எண்பத்து...”

“நீங்க சும்மா இருங்கோ. உங்களுக்கு என்னிக்கு மணி சரியாத் தெரிஞ்சிருக்கு?”

கடிகாரத்தின் அடியில் ஒரு பித்தளைத் தகடு. அதில் ராமானுஜத்தின் பேரும், இருபத்தைந்து வருஷச் சேவைக்கு என்ற வாசகமும், 1984 என்ற வருஷமும் பொறித்திருந்தன. ஸ்ரீலக்ஷ்மி அதைப் படித்து முடித்த பிறகுதான் மாமி தூசு துடைப்பவள் போலப் புடவைத் தலைப்பால் அதை மூடினாள். அவள் படித்துவிட்டாள் என்று மாமிக்குத் தெரியும். மாமிக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பின்னால் போக வழியே இல்லை என்று ராமானுஜத்திடம் அடித்துச் சொன்னவளின் கண் முன்னாலேயே, மாமி இருபத்தேழு வருஷம் பின்னால் போய், போகி விடிகாலையில், பிரசவம் நடந்த வீட்டில் ஒரு கடிகாரத்தை மாட்டிவிட்டு வந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“சரிதானேடி கணக்கு?” என்றாள் மாமி, தலைப்பை எடுக்காமல்.

பதிலுக்கு யூனிட் போடாவிட்டால் அரை மார்க் குறைக்கிற ஸ்ரீலக்ஷ்மி, “சரியா இருக்கு மாமி” என்றாள்.

“அப்போ உட்கார்ந்து இந்த அவரைக்காயை ஆய்ஞ்சு கொடு. மணி பத்தரை ஆறது.”

ஸ்ரீலக்ஷ்மி கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பதினொன்று பத்து. நாற்பதைக் கழித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.