மெழுகு சேர்க்காத பசை

கத்திப்பிடி ஒட்டும் பசைக்கு மரப்பிசினைக் கொதிக்க விடக் கூடாது. சிறு தீயில் இளகியதும் கரித்தூளும் கொஞ்சம் தேன்மெழுகும் போட்டுக் கிளறி இறக்க வேண்டும். மெழுகு இல்லாத பசையும் இறுகும். ஆனால் ஓர் அடிக்குத் தாங்காது, கண்ணாடி போலத் தெறிக்கும். நேற்று இதைச் சொன்னதற்குத்தான் புருஷன் அவளை அடுப்படியிலிருந்து இழுத்துத் தள்ளினான்.

"எனக்கே பாடம் நடத்துறியா?"

விழுந்ததில் முன்பல் ஒன்று போயிற்று. பிறகு அவனே பிசினைப் புகையப் புகையக் காய்ச்சி, மெழுகைத் தொடாமல், தன் வெட்டுக்கத்திக்குப் புதுப் பிடி மாட்டினான்.

இன்று அவள் தம்பி பட்டறை வாசலில் வந்து நின்றபோது, அவள் அடுத்த சட்டிக்கு மெழுகு போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"துணிய எடுத்துக்கிட்டு கிளம்புக்கா."

"வாங்க மச்சான்," என்றான் புருஷன், கத்தியைக் கையிலெடுத்தபடி. "பல்லு எண்ண வந்தீங்களா? ஒண்ணுதான் குறையுது."

"வழிய விடுங்க மாமா."

"உங்கக்கா இந்த வாசலத் தாண்டினா பொணமாத்தான் தாண்டுவா. நீ முன்னாடி போய் குழி பாத்து வை."

சொல்லி வாய் மூடுவதற்குள் வீசினான். தம்பி குனிந்தான். கத்தி அவன் காதுநுனியைச் சீவிக்கொண்டு போய் நிலைக்காலில் இறங்கியது. புருஷன் இழுத்தான். பிடிக்குள் ஏதோ நொறுங்கிக் கறுப்புச் சில்லுகள் உதிர்ந்தன. அலகு மரத்திலேயே நின்றது. கட்டை மட்டும் கையோடு வந்தது.

அதை ஒரு கணம் வெறித்துப் பார்த்தான். அப்புறம் அந்தக் கட்டையாலேயே தம்பியின் மண்டையில் போட்டான். தம்பி முழங்காலில் விழுந்தான். மறுபடியும் போட்டான். எலும்பில் படும் சத்தம் விறகு பிளப்பது போல இருந்தது.

மூன்றாவது அடிக்குக் கை உயர்ந்தபோது அவள் சட்டியைப் பழந்துணியால் பிடித்துத் தூக்கி, சுடுபசையை அந்தக் கை மேல் வீசினாள்.

அவன் அலறல் தெருமுனைவரை கேட்டிருக்கும். பிசின் வழியவில்லை, பிடித்துக்கொண்டது. விரலும் கட்டையும் ஒன்றாகிப் போயின. இடது கையால் பிய்க்கப் போனான்.

"பிய்க்காதீங்க," என்றாள். "தோலோட வந்துடும். தொட்டித் தண்ணியில கைய வைங்க."

அவள் சொல்லி அவன் என்றைக்குக் கேட்டான்? பிய்த்தான். தோல் வந்தது. கட்டை வரவில்லை.

தம்பியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். நிலைக்காலில் நின்ற அலகுக்குக் கீழே குனிந்து, இருவரும் வாசலைத் தாண்டினார்கள்.