ஆறாம் வரி

எனக்கு அலவிக்குட்டி இக்காவைக் கண்டாலே ஆகாது. மலப்புறத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துக்கு விசில் ஊதுகிறவர். இறுதி ஆட்டமொன்றில் இல்லாத பெனால்ட்டியைக் கொடுத்து எங்கள் ஊர்க் கோப்பையைப் பறித்த மனுஷன். அவரேதான் அன்று எங்கள் கண் ஆஸ்பத்திரிக்கு வந்து என் ஸ்கேன் மெஷினில் தாடையை வைத்தார்.

"மோளே ஷஹர்பான், உள்ள என்னதான் தெரியுது?"

"ரெஃபரிக்குக் கண்ணே கிடையாதுன்னு கேலரில எப்பவோ சொல்லியாச்சு இக்கா. நான் சும்மா படம் புடிக்கிறேன்."

மெஷின் ஆட ஆடச் சிரித்தார். ஆடாமல் இருங்கள் என்று அதட்டினேன்.

இடது கண் சின்ன வயதிலேயே கோலிக்குண்டு பட்டுப் போனது. இப்போது வலது விழித்திரையின் நடுவிலும் ஓட்டை. படத்தில் விழித்திரை பொரோட்டா மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். அது முழுசாக இருந்தால்தான் பொடி எழுத்து தெரியும். இக்காவுக்கு அது நடுவில் அறுந்து கிடந்தது.

டாக்டர் ஸ்ரீலதா மறைக்கவில்லை. "ஆபரேஷன் பண்ணி ஓட்டைய மூடிடலாம். கோடு சேர்றது சந்தேகம். எழுத்துப் பலகைல நாலு வரி வாசிப்பீங்க. அதுக்கு மேல ஆசப்படாதீங்க."

"ஆறாவது வரி வேணுமே டாக்டர். கமிட்டிக்காரங்க சர்டிஃபிகேட் கேக்குறாங்க. இல்லேன்னா விசில் வேற ஆளுக்குப் போயிடும்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குள் விட்ட வாயுக் குமிழி ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் குனிந்தே இருக்க வேண்டும். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் வாசல் பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டுக் காத்திருப்பார். பக்கத்து அறையில் ஆள் மாற்றி ஆள் எழுத்துப் பலகையைச் சத்தமாக வாசிப்பார்கள்.

"எங்க ஊர்க்காரங்க சாபம் இக்கா," என்பேன்.

"சாபம் போட்டது நீயாத்தான் இருக்கும்," என்று தரையைப் பார்த்தபடியே சொல்வார்.

குமிழி கரைந்த பிறகு மறுபடி படம் எடுத்தேன். ஓட்டை மூடியிருந்தது. கோடு சேரவே இல்லை. எனக்கே மனசு கனத்துவிட்டது.

ஆனால் பலகை முன் உட்கார்ந்தவர் நாலாம் வரியைத் தாண்டினார். ஐந்து. ஆறாம் வரியையும் தடங்கலில்லாமல் வாசித்து முடித்தார்.

"படம் தோத்துப்போச்சு!" என்று டாக்டர் கைதட்டினார். என் மெஷின் பொய்யாகிப்போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சர்டிஃபிகேட்டில் கையெழுத்தும் விழுந்தது.

வாங்கிக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பி வந்து, அதை மேஜைமேல் வைத்தார்.

"இது செல்லாது டாக்டர். நாலு வரிதான் பாத்தேன். மிச்சமெல்லாம் வெறும் கலங்கல். குனிஞ்சு கெடந்தப்ப எல்லாரும் வாசிச்சு வாசிச்சுக் காதுல ஏறியிருக்கு. கண்ணு நின்ன எடத்துல வாய் ஓடிருச்சு."

டாக்டர் சர்டிஃபிகேட்டைக் கையிலெடுத்தார். நான்தான் அவசரப்பட்டேன்: "யாருக்கு இக்கா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதே. ஃபவுல்னா ஃபவுல்தான் மோளே."

படம் சொன்னது சரிதான். அதற்காக எனக்கு அழுகை வந்தது. வெளியே கூடவே போய், இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"இக்கா, அந்தப் பெனால்ட்டி..."

"பந்து கைல பட்டுச்சு. அப்ப எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

அன்றைக்குத்தான் அதை நம்பினேன்.