காலிமுகத்துப் பெரட்டு

1

இந்தக் கதை பஸ்ஸில் பிறந்தது. நுவரெலியாவிலிருந்து நானுஓயாவுக்கு இறங்கிக்கொண்டிருந்த பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு தோட்டத்துப் பெண்கள். ஒருத்தி மற்றவளிடம் கேட்டாள்:

"ஏக்கா, கொழும்புல காலையில தப்பு அடிக்கிறது யாரு?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். நாலு பேர் சிரிக்கிற இடத்தில் எழுத்தாளன் சும்மா இருந்தால், பாவம், விளங்கவில்லை போலும் என்று நினைத்துவிடுவார்கள். நானுஓயா நெருங்கும்போதுதான் யோசித்தேன். தோட்டத்தில் விடியுமுன் தப்புப் பறை அடித்தால், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயம் முழுவதும் எழும்புகிறது. இத்தனை லட்சம் சனம் தூங்குகிற பட்டணத்தை எழுப்ப ஓர் ஆள் வேண்டாமா? கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. அந்த அக்காள் சொன்ன பதில்தான் எஞ்சின் இரைச்சலில் என் காதில் விழாமல் போயிற்று. விழுந்திருந்தால் இந்தக் கதையை எழுதும் வேலை எனக்கு மிச்சமாகியிருக்கும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பனிமூட்டம் மலைமுகடுகளைத் தழுவிக் கிடந்த அந்த அதிகாலையில், கொழுந்துக் கூடையைச் சுமந்தபடி சிசிலி..."

வேண்டாம். தேயிலைத் தோட்டத்துக் கதை என்றாலே எல்லாரும் பனிமூட்டத்தைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் சொல்லவந்த நாட்களில் வெயில் மண்டையைப் பிளந்தது. அடுத்து இது:

"சுரண்டப்படும் தொழிலாளர் வர்க்கத்தின் ஓர் அங்கமாகிய சிசிலி..."

இதை வாசித்துக் காட்டினால் சிசிலி என்னோடு சண்டைக்கே வருவாள். அவள் தன்னை எதனுடைய அங்கமாகவும் நினைத்தவள் இல்லை. கொழும்புக்குப் போய் வந்தவள், அவ்வளவுதான்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம்.* கொழும்பில் ட்ராம் ஓடிய காலம். சிசிலி கொழும்பில் மாத்தயா என்று கூப்பிடப்படுகிற ஒரு சிங்களப் பெரிய மனிதர் வீட்டில் ஆயாவாக இருந்தாள். அவள் வளர்த்த பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் இனி ஆயா வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். தோட்டத்துக்குத் திரும்பி மறுபடி கொழுந்து பறித்தாள். ஆனால் மலைத்தண்ணீர் விழுகிற பீலியடியில் அவள் குடம் நிறைந்த பிறகுதான் மற்றவர்கள் குடம் வைப்பார்கள். கொழும்பு கொடுத்த மரியாதை அது.

(* பெயர் சொல்லமாட்டேன். சொன்னால், எங்கள் தோட்டத்துப் பீலி கிழக்குப் பக்கம் என்று யாராவது திருத்தம் எழுதுவார்கள்.)

3

பீலியடியில் கேட்கப்பட்ட கேள்விகளும் சிசிலி சொன்ன பதில்களும் சில:

"கொழும்புக்குப் பெரிய தொரை யாரு?"

"மேயருன்னு ஒருத்தரு."

"ட்ராமுக்கு மாடு எத்தன பூட்டுவாங்க?"

"மாடெல்லாம் கெடயாது. மேல கம்பி போகுது, அது இழுக்கும்."

"பீலி எங்க இருக்கு?"

"செவத்துக்குள்ளயே தண்ணி ஓடுது. திருகுனா வரும். வீட்டுக்கு வீடு."

"அப்ப பொம்பளைங்க எங்க நின்னு பேசுவாங்க?"

சிசிலி கொஞ்சம் தடுமாறிய கேள்வி இது. "பேச மாட்டாங்க" என்றாள். ட்ராம் கம்பியை நம்பியவர்கள் இதை நம்பவில்லை.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "அம்புட்டு சனம் இருக்குதே, பெரட்டு உண்டா?"

பெரட்டு என்பது, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. அங்கே நிற்காதவன் காய்ச்சலில் கிடக்கிறான், இல்லை ஓடிப்போய்விட்டான், இல்லை செத்துப்போனான். நாலாவது ஒன்று தோட்டத்தில் கிடையாது.

"இல்லாம? பின்னேரத்துல இருக்கு" என்றாள் சிசிலி. "காலிமுகம்னு கடலோரமா பெரிய புல்லுவெளி. கொழும்பு முச்சூடும் அங்கதான் வந்து நிக்கும்."

4

இங்கே எனக்கே சிசிலிமேல் சந்தேகம் வந்துவிட்டது. "சிசிலி ஒரு பொய்க்காரி" என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் நியாயமாக இல்லை.

கொழும்பில் அவள் கண்டது ஒரு குசினி, ஒரு பின்விறாந்தை, ஒரு துணி துவைக்கும் கல், அதற்கப்பால் ஆளுயர மதில். மதிலுக்கு வெளியே மணிச்சத்தம் கேட்கும். அதுதான் அவள் அறிந்த ட்ராம். அந்தப் பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்று பெயர். தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குத்தான் போயிருக்கிறாள் என்று ஒரு வரி எழுதி, ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் பட்டதால் அடித்துவிட்டேன். (அடித்த வரியை இப்படி உள்ளே கொண்டுவருவதும் கெட்டிக்காரத்தனம்தான்.)

காலிமுகத்தை அவள் ஒரே ஒரு தடவை, ஓடுகிற காருக்குள்ளிருந்து, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்த்தாள். புல்வெளி கொள்ளாத சனம். என்ன விசேஷம் என்று டிரைவரைக் கேட்டதற்கு அவன் சிங்களத்தில், எல்லாரும் வருவார்கள், தினமும் இப்படித்தான் என்றான். அதைத்தான் அவள் பீலியடியில் சொன்னாள். வாய்க்கு வந்ததைச் சொன்ன டிரைவரை விட்டுவிட்டு இவளைப் பொய்க்காரி என்பது எந்த ஊர் நியாயம்?

5

லயத்தில் சிசிலியின் அறைக்கு அடுத்த அறையில், அதாவது அடுத்த காம்பிராவில், அழகுமுத்து இருந்தாள். அவள் புருஷன் வீரய்யா, கொழும்பில் சாப்பாட்டுக்கடை வேலை கிடைத்திருக்கிறது என்று போனவன், போனவன்தான். காசு வேண்டாம், உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை? அதுவும் வரவில்லை.

காம்பிரா வீரய்யா பேரில் இருந்தது. வருகிற திங்கட்கிழமை பெரட்டில் அவன் வந்து நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள், காம்பிரா வேறு குடும்பத்துக்குப் போய்விடும் என்று கங்காணி சொல்லிவிட்டார். அழகுமுத்துவுக்குத் தோட்டத்தில் வேறு சொந்தம் கிடையாது. அந்தக் கூரையை விட்டால் றோட்டுத்தான்.

"அக்கா, சனிக்கெழம கொழும்புக்குப் போறேன்" என்று சிசிலியிடம் வந்து சொன்னாள்.

"போயி? அம்மாம் பெரிய ஊர்ல எங்கன்னு தேடுவ?"

"தேட வேணாமே. பின்னேரம் காலிமுகத்துல போயி நிப்பேன். கொழும்பு முச்சூடும் வருதுன்னா அவரும் வரணும்ல?"

சிசிலிக்குக் கையில் பிடித்திருந்த அகப்பை நழுவியது. (அகப்பை நழுவுவது பழைய உத்தி. ஆனால் நிஜமாகவே நழுவியது, நான் என்ன செய்ய?)

6

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று சிசிலி முடிவு செய்தாள். சொல்லவும் செய்தாள்.

"அழகு, நான் அத ஒரு தடவதான் பாத்தேன். அதுவும் காருக்குள்ள இருந்து."

"பாத்தீங்கல்ல?"

"எல்லாரும் வர மாட்டாங்கடி."

"யாரு வர மாட்டாங்க?"

"இப்ப என்னயே எடுத்துக்க. நான் போனதேயில்ல."

"உங்களுக்கு லீவு குடுத்திருக்க மாட்டாங்க. அவரு ஆம்பள, வருவாரு."

இதற்குமேல் எப்படி உண்மை சொல்வது? சிசிலி அவளை லாபிர் நானாவின் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். லாபிர் மாதம் ஒரு தரம் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போகிறவர். வீரய்யாவைப் பற்றி விசாரித்தும் பார்த்தவர். புறக்கோட்டைச் சாப்பாட்டுக்கடைகளில் வீரய்யாக்களுக்குப் பஞ்சமில்லை என்று வந்து சொன்னவர்.

"நானா, காலிமுகத்துக்குக் கொழும்பு சனமெல்லாம் வருமா? உள்ளதச் சொல்லுங்க."

உள்ளது என்னவென்றால், லாபிர் ஸ்டேஷனில் இறங்கி, புறக்கோட்டையில் மூட்டை கட்டி, அதே ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடுகிறவர். கடலையே பார்த்ததில்லை. (அவரை உண்டாக்கியவன் நான், எனக்குத் தெரியாதா?) ஆனால் கடையில் ஆட்கள் நின்றார்கள்.

"வராம என்ன தங்கச்சி? நான் கொழும்புக்குப் போனா ஒரு எட்டு அங்க போகாம வாறதில்லயே. பின்னேரத்துல கால் வைக்க எடமிருக்காது" என்றார்.

அழகுமுத்து சிசிலியைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "அப்ப ஏங்க்கா போக வேணாங்கறீங்க? அங்க இல்லாட்டி எங்க போயித் தேடணும், நீங்களே சொல்லுங்க" என்றாள்.



7

வெள்ளிக்கிழமை பீலியடியில் இந்தப் பேச்சுத்தான். அழகுமுத்து கொழும்புப் பெரட்டுக்குப் போகிறாள்! நான் சிரிப்பு மூட்டுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடம் இது. தலைப்பைக்கூட இதற்காகத்தான் போட்டேன்.

மீனம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். "அழகு, எந்தம்பி சின்னத்தம்பி தொறமுகத்துல மூட்ட தூக்குறான். பாத்தியானா அம்மாவுக்குக் கண்ணு மங்கிருச்சுன்னு சொல்லு. வந்தா மூஞ்சியத் தடவிப் பாத்துக்குவாளாம்."

பெண்கள் கூடுகிற இடத்துக்கு வராத மூக்கன் கிழவர் அன்றைக்கு வந்தார். "எம்மவ வீட்டு வேலைக்கிப் போனா. எந்த வீடுன்னு தெரியாது. நான் ஏசுனத மறந்துட்டேன்னு சொல்லு தாயி."

அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. ஒவ்வொரு காம்பிராவிலும் கொழும்புக்குப் போய்ப் பேச்சுமூச்சற்றுப் போன ஒருவர் இருந்தார். இத்தனை நாளும் இவர்கள் ட்ராமையும் மேயரையும் பற்றி ஏன் அப்படி விழுந்து விழுந்து கேட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தாங்கவில்லை. கேலியாக எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

சிசிலி குடம் வழிவதையும் கவனிக்காமல் நின்றாள்.

8

சனிக்கிழமை காலை. தோட்டத்துச் சந்தியில் ஹட்டன் பஸ். முடிவுக்கு வந்துவிட்டோம், ஆனால் என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதலாவது: வீரய்யா காலிமுகத்தில் கடலை விற்றுக்கொண்டிருக்கிறான். அழகுமுத்துவைக் கண்டதும் கூடை கவிழ்கிறது. பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், பொய் சொல்வானேன்?

இரண்டாவது: இருட்டும்வரை நின்றுவிட்டுத் தனியாகத் திரும்புகிறாள், காம்பிரா போய்விடுகிறது. விமர்சகர்களுக்குப் பிடிக்கும்.

மூன்றாவது, கடைசி நிமிஷத்தில் சிசிலி அவளைத் தடுத்துவிடுகிறாள். இதைத்தான் எழுதத் தொடங்கினேன்:

"புறப்படப்போன பஸ்ஸின் கம்பியை எட்டிப் பிடித்த சிசிலி, 'அழகு, எறங்குடி' என்று..."

ஆனால் சிசிலி அதைச் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்தாள், அது சரி. சொன்னது இது:

"அழகு, அங்க ஒரு புள்ள வந்தாலும் வருவான். இப்ப ஏழு வயசு இருக்கும். தாடையில ஒரு தழும்பு, என் இடுப்புல இருந்து வழுக்கி விழுந்தது. கண்டா, 'ஆயா ஹொந்தின் இன்னவா'ன்னு சொல்லு. ஆயா நல்லா இருக்கான்னு அர்த்தம். வேற ஒண்ணும் வேணாம்."

"பேரு என்னக்கா?"

"பேபின்னுதான் கூப்புடுவேன். திரும்பிப் பாப்பான்."

எல்லாம் தெரிந்த சிசிலி சொன்னாள் இதை. அழகுமுத்து அந்தச் சிங்கள வார்த்தைகளை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன். நாலாவது என்னிடம் இல்லை. நீங்கள் கொழும்பில் இருக்கிறவர் என்றால், இன்று பின்னேரம் காற்று வாங்கக் காலிமுகத்துக்குப் போவீர்கள். எல்லாரும் உலாவுகிற இடத்தில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, பெயர் கூப்பிடக் காத்திருக்கிறவளாக நிற்பாள். உங்களைக் கண்டதும் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். நீங்களும் வந்துவிட்டீர்கள், அந்த அளவுக்குச் சிசிலி சொன்னது சரிதானே. கிட்டே வந்து வீரய்யாவைக் கேட்பாள், சின்னத்தம்பியைக் கேட்பாள், மூக்கன் மகளைக் கேட்பாள். உங்கள் கையைப் பிடித்திருக்கிற பிள்ளையின் தாடையையும் ஒரு பார்வை பார்ப்பாள்.

என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள். நாளை ராத்திரி ரயிலைப் பிடித்தால்தான் அவள் வீரய்யாவைத் திங்கட்கிழமை பெரட்டில் கொண்டுவந்து நிறுத்த முடியும்.