செடிக்கும் குடிதண்ணீர்

1

ஒரு வசவில் பிறந்த கதை இது.

"ஏங்க, குழாயில வர்ற ஒகேனக்கல் குடிதண்ணிய எதுக்குச் செடிக்கு ஊத்தறீங்க? போர் தண்ணி எறங்காதா அதுக்கு?" என்றாள் சுகுணா.

"அதுவும் நம்ம வூட்டு ஆளுதான?" என்று சொம்பை வைத்துவிட்டு, சென்றாயன் பொம்மிடிக்கு வண்டியை எடுத்தார். திரும்பி வந்தது ஆம்புலன்ஸில். நெஞ்சுவலி.

(சுகுணா நான்தான். 'அவள்' என்று எழுதினால் வாக்கியம் பாதியில் நிற்பதில்லை.)

2

முதல் வரைவு: வீட்டுக்காரர் போனபின் ஜன்னலோர ஸ்பைடர் பிளான்டும் துக்கம் காத்தது. அவள் தவறாமல் போர் தண்ணீர் ஊற்றியும் நீண்ட இலைகள் ஒவ்வொன்றாக நுனி கருக, அவரைத் தேடி அது

['அவள்' என்று எழுதியும் வாக்கியம் நின்றுவிட்டது. அழகாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஓசூரிலிருந்து பஸ்ஸில் அவர் மடியில் வைத்துக் கொண்டுவந்த செடி, அதுவும் போய்விடுமோ என்ற பயம் மட்டும் அதில் இல்லை.]

3

நடந்தது இது. பென்னாகரம் ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் முருகேஷிடம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"அவரு போனதுல இருந்து இப்படித்தான் தம்பி. ஏங்கிப் போச்சு போல."

முருகேஷ் இலையைத் தடவிப் பார்த்தான். "என்ன தண்ணி ஊத்தறீங்க?"

"போர் தண்ணி."

"என் பல்லப் பாருங்கக்கா." ஈயென்று காட்டினான். பழுப்புக் கோடுகள். "சின்னதுல போர் தண்ணி குடிச்ச பல்லு. செடிக்குப் பல்லு இல்ல, நுனியில காட்டுது. ஏக்கமெல்லாம் இல்லீங்க, போர் தண்ணியில இருக்கற ஃப்ளோரைடு."

ஏழு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். உடனே முகம் மாறியது.

"அப்ப நான்தான் கெடுத்துட்டனா?"

"வேரு நல்லாத்தான் இருக்குது. குடிக்கிற தண்ணியவே ஊத்துங்க. மழத்தண்ணி புடிச்சு வெச்சா இன்னும் நல்லது."

* அவர் இதெல்லாம் தெரிந்தா ஊற்றினார்? இல்லை. வூட்டு ஆள் என்றுதான் ஊற்றினார்.

4

முடிவுகள்.

ஒன்று: செடியிடம் மன்னிப்புக் கேட்கிறாள். (வேண்டாம். கேட்க வேண்டியவரிடமே கேட்கவில்லை.)

இரண்டு: செடி தழைத்து, தெருவுக்கெல்லாம் கன்று கொடுக்கிறாள். (இன்னும் நடக்கவில்லை. ஒரே ஒரு குட்டி தொங்குகிறது. பக்கத்து வீட்டு நிர்மலா இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள்.)

மூன்றாவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் தரக்கூடியது தகவல் மட்டும்தான்: நடுவிலிருந்து இரண்டு இலை வந்திருக்கிறது, நுனிவரை பச்சை. எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் இப்போதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது; அதில் ஒரு சொம்பு செடிக்கு.