பத்தாம் தளத்துக் காற்று

1

இக்கதை ஒரு நாற்காலி நகர்ந்ததிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம்.

பெல்கிரேடு நகரின் 'புதிய பெல்கிரேடு' பகுதியில், ஆற்றுக்கு அப்பால் நிற்கும் பழைய அலுவலகக் கோபுரம் ஒன்றின் பத்தாம் தளத்தில், காப்பீட்டு அலுவலகத்தில், நான் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தேன். அப்பொழுது பெண் பொறியாளர் ஒருவர் உள்ளே வந்தார். அமரச் சொல்லிக் காட்டப்பட்ட நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். மேசைக்கு அப்புறம் இருந்த முதிய அம்மையார் அதனைக் கண்டார். கண்டதை மறைக்கவுமில்லை. இருவரும் ஒருவரையொருவர் சிறிது நேரம் பார்த்தபடி இருந்தனர். அதற்குள் என் காகிதத்தில் கையெழுத்தாகிவிட்டது. நான் வீடு திரும்பினேன்.

நான் கண்டது அவ்வளவே. எஞ்சியவை யாவும் அந்த ஒரு சாணுக்குக் காரணம் கற்பிக்கும் முயற்சி.

2

தொடக்கம் வாய்க்கவில்லை. வீசியெறிந்தவற்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

மூடுபனியின் நடுவே அந்தக் கோபுரம் ஒரு களைத்த அரக்கனைப் போல

[கட்டடங்கள் களைப்பதில்லை. அவற்றின் குழாய்கள் ஒழுகுகின்றன, அவ்வளவுதான்.]

நெவென்காவுக்கு அன்று பிறந்தநாள். எவரும் அவளை வாழ்த்தவில்லை, அவளும்

[பிறந்தநாளை வைத்தால் வாசகர் இரங்கிவிடுவார். இரக்கம் இக்கதைக்கு வேண்டுவதன்று.]

அந்தக் கோபுரத்தைப் புதுப்பிப்பதா, இடிப்பதா என்பதை ஒரே ஒரு தளம் முடிவு செய்ய இருந்தது.

இது நிற்கட்டும். உண்மையும் இதுவே. கோபுரத்தின் உரிமையாளர்கள் அதனை விற்றுவிடும் எண்ணத்தில் இருந்தனர். அவ்விடத்தில் கண்ணாடி விடுதி கட்ட விரும்பியோர் வாயிலிலேயே நின்றனர். பொறியாளர் நெவென்காதான் தடுத்தாள். தன் பெயரில் அவள் ஏற்ற முதல் வேலை அது. பத்தாம் தளத்தை மட்டும் முதலில் புதுப்பித்துத் தருவதாகவும், ஒரு குளிர்காலம் முழுவதும் அளந்து பார்க்கலாம் என்றும் கூறினாள். சூடேற்றும் செலவு பாதியாகக் குறைந்தால் எல்லாத் தளங்களும் புதுப்பிக்கப்படும்; குறையாவிடின் விற்பனை. உரிமையாளர்களின் மேலாளர் வுகாஷின் ஒப்புக்கொண்டார்.

"பாதின்னா பாதி, நெவென்கா. ஒரு துளி மேல போனாலும் என்கிட்ட பேச்சுக்கு வராத."

"வரமாட்டேன்."

"வருவ. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? அப்ப நான் ஊர்ல இருக்கமாட்டேன்."

அவள் பழைய அலுமினியச் சட்டங்களைப் பெயர்த்தாள். மூன்றடுக்குக் கண்ணாடி வந்தது. கணப்புகள் ஒவ்வொன்றிற்கும் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு வந்தது. அதுவரை அறை வெந்தால் சன்னலைத் திறந்து, தெருவையும் சேர்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். சன்னல்கள் இறுக மூடிவிட்டமையால், மூச்சு விடுவதற்கென ஒவ்வொரு சன்னலின் கீழும் நீண்ட காற்றுத்துளை ஒன்றையும் வைத்தாள். வடபுறத்துத் துளை வழியே புதுக்காற்று நுழையும். அறையைக் கடந்து தென்புறத்துத் துளை வழியே வெளியேறும். வட ஐரோப்பிய நாடுகளின் வரைபடங்களில் அது மிக அழகாக இருந்தது.*

* அடிக்குறிப்பு போன்ற ஒன்று: எதிரெதிரே திறந்த இரு வாயில்களுக்கு நடுவே ஓடும் காற்றை இவ்வூரார் 'ப்ரோமாயா' என்பர். நாமோ அக்காற்றுக்காகவே வீடு கட்டும்போது சன்னலுக்கு எதிரே சன்னல் வைக்கிறோம். இங்கே அது கழுத்தைப் பிடிக்கும், காதை அடைக்கும், சிறுநீரகத்தைக் குளிரச்செய்யும். மருத்துவர்கள் மறுக்கிறார்கள். மறுத்துவிட்டு எழுந்து சென்று சன்னலைச் சாத்துகிறார்கள்.

3

குளிர்காலம் கழிந்தது. செலவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. நெவென்காவின் கணக்கே அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அவள் மகிழ்ச்சியோடு பத்தாம் தளத்திற்கு ஏறினாள். வியாழக்கிழமை வுகாஷின் வந்து பார்த்துவிட்டு ஒப்புதல் இடுவார். அதற்கு முன் அங்கிருப்போருக்கு நன்றி சொல்லிவிடலாம் என்று எண்ணினாள்.

இழப்பீட்டுப் பிரிவின் தலைவி யாகொதா கெட்டிக் காப்பி வைத்தார், நாற்காலியைக் காட்டினார். நாற்காலி வடபுறச் சன்னலின் முன்னே இருந்தது. நெவென்கா அதை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டு அமர்ந்தாள்.

(ஆம், நான் கண்ட இடம் இதுவே. இனி வருவனவற்றுக்கு நான் சாட்சி அல்லேன்.)

யாகொதா காப்பிக் கோப்பையை அவள் முன் வைத்தார்.

"பயப்படாதீங்க, எஞ்சினியரம்மா. அங்க காத்து வராது."

"எந்தக் காத்து, அக்கா?"

"நீங்க எதுக்கு நகந்தீங்களோ, அந்தக் காத்து."

நெவென்கா தன் நாற்காலியைப் பார்த்தாள். தான் நகர்ந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்பு குனிந்து சன்னலின் கீழே பார்த்தாள். துளை நெடுக மரநிறத்து ஒட்டுநாடா ஒட்டப்பட்டிருந்தது. அதன்மேல் அட்டை. அட்டையின்மேல் மறுபடியும் நாடா. தென்புறத்திலும் அவ்வாறே. மிக ஒழுங்கான வேலை. மூலைகளைக்கூட மடித்து ஒட்டியிருந்தார்கள்.

"எப்பலருந்து?"

"நீங்க ரிப்பன் வெட்டிட்டுக் கீழ போனீங்கல்ல? லிப்டு கதவு மூடினதும்" என்றார் அடுத்த மேசையிலிருந்த மிலென்கோ. அலுவலகத்தின் கோமாளிப் பட்டம் அவருடையது. "வேலைய சுத்தமாப் பண்ணியிருக்கோம்ல? பில்லு அனுப்பலாமா?"

4

இங்கே என் எழுதுகோல் நின்றது. யாகொதாவை நான் சிரிப்புக்காகவே கொண்டுவந்தேன். கழுத்தில் கம்பளித் துண்டும், கையில் ஒட்டுநாடாவுமாக ஓர் அம்மையார்; வாசகர் சிரிப்பார்; கதை நகரும். ஆனால் அவ்வாறு எழுதிய பக்கத்தில் அவர் அசையாமல் நின்றார். ஆகையால் அவரைப் பேசவிட்டேன்.

"ஒரு வசந்தத்துல பஸ்ல சன்னல் பக்கமா உக்காந்து வந்தேன். எதிர்ச் சன்னலும் தொறந்திருந்துச்சு. மறுநாள் காலைல பாதி மூஞ்சி அசையல. வாய் கோணிப்போச்சு, ஒரு கண்ணு மூடல. காப்பி குடிச்சா வழியும். டாக்டரு சொன்னாரு, 'இதுக்கும் காத்துக்கும் சம்பந்தமில்ல'ன்னு. சரின்னேன். அப்பறம் சரியாவும் போச்சு. ஆனா நீங்களே சொல்லுங்க, நீங்களா இருந்தா மறுபடி அங்க உக்காருவீங்களா?"

"நான் காத்து இல்லாத எடத்துலருந்தே நகந்துட்டேன்கா. என்னக் கேக்காதீங்க."

இருவரும் சிரித்தனர். நெவென்காவின் சிரிப்பு முதலில் நின்றது. அந்தச் செலவுக் கணக்கு அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது. குளிர்ந்த காற்று நுழையவே இல்லை. ஆதலின் சூடேற்ற வேண்டியதும் குறைந்தது. பாதிக்கும் கீழே இறங்கியது அவள் திறமையால் அன்று, ஒட்டுநாடாவால். துளைகள் திறந்தே இருந்திருந்தால் பாதியை எட்டியிராது. கிட்டத்தட்ட எட்டியிருக்கும். வுகாஷினுக்குக் 'கிட்டத்தட்ட' என்று ஒன்று கிடையாது.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒருவர் கொட்டாவி விட்டார். அது மேசை மேசையாகக் கடந்து மிலென்கோவிடம் வந்து முடிந்தது.

"தலவலி இருக்கா இங்க யாருக்காவது?"

"எல்லாருக்கும்" என்றார் மிலென்கோ. "வானிலை மாறுதுல்ல. எங்களுக்கு நவம்பர்லருந்து மாறிட்டே இருக்கு."

"ஒருத்தர் விட்ட மூச்ச இன்னொருத்தர் இழுத்துட்டு உக்காந்திருக்கீங்க. அதான் தலவலி."

"அது பழக்கந்தான். பழைய சன்னல் காலத்துலருந்து இழுக்கறோம்" என்றார் யாகொதா. "தெரிஞ்சவங்க மூச்சுதான?"

5

[இப்பகுதியில் நெவென்கா தன் வீட்டில் உறங்காமல் உலவினாள். எடுத்துவிட்டேன். கதைமாந்தர் எவரும் உறங்காமல் உலவியதால் ஒரு கணக்கும் மாறியதில்லை.]

6

அவளுக்குத் தீர்வு தெரியாமல் இல்லை. துளைகளைச் சன்னலின் கீழிருந்து எடுத்துக் கூரையருகே வைக்க வேண்டும். உள்ளே வரும் காற்று, வெளியேறும் காற்றின் சூட்டை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அப்போது எவர் கழுத்திலும் படாது, எவரும் நாடாவைத் தேடமாட்டார், செலவும் குறையும். ஆனால் அதனை மெய்ப்பிக்க இன்னொரு குளிர்காலம் வேண்டும். விடுதிக்காரர்கள் இன்னொரு குளிர்காலம் காத்திரார்.

வாய்மூடி இருந்துவிட்டால் கோபுரம் நிற்கும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படியே எல்லாத் தளங்களிலும் துளைகள் வைக்கப்படும். எல்லாத் தளங்களிலும் லிப்டுக் கதவு மூடியதும் நாடா ஒட்டப்படும். அடியிலிருந்து முடி வரை மூச்சடைத்த ஒரு கோபுரம், அவள் பெயரில்.

புதன்கிழமை அவள் மீண்டும் ஏறி வந்தாள்.

"அக்கா, நாளைக்கு நான் உண்மையச் சொல்லிட்டா?"

யாகொதா மேசையை ஒழுங்குபடுத்துவதை நிறுத்தவில்லை.

"கட்டடம் போயிடும். எங்க பிரிவ நீஷ் ஊருக்கு மாத்திடுவாங்க. நான் போகமாட்டேன், வீட்ல உக்காருவேன். மிலென்கோ போவாரு, அங்கயும் இதே ஜோக்கச் சொல்வாரு."

"சொல்லலன்னா?"

"நீங்க எதையும் பாக்கல, நான் எதையும் ஒட்டல. காப்பி வெக்கட்டுமா?"

"நாடாவ எடுத்துட்டா நீங்கல்லாம் மூச்சாவது ஒழுங்கா விடலாமே."

"எடுங்க. நான் தடுக்கல." யாகொதா நிமிர்ந்து பார்த்தார். "எடுத்துட்டு, என் சீட்ல ஒரு வாரம் நீங்க உக்காருங்க. நகராம."

  

7

முடிவுகள்.

முதலாவது. அவள் வாய்மூடி இருக்கிறாள். வுகாஷின் ஒப்புதல் இடுகிறார். வேலை தொடங்கியபின் துளைகளை மெல்ல மேலே ஏற்றிவிடுகிறாள். எல்லாரும் நலம். [இந்த முடிவை ஓர் ஒப்பந்ததாரரிடம் வாசித்துக் காட்டினேன். ஒப்புதலுக்குப் பின் துளையை நகர்த்தப் பணம் தரும் உரிமையாளரைத் தாம் பார்த்ததில்லை என்றார்.]

இரண்டாவது. அவள் உண்மையைச் சொல்கிறாள், வுகாஷின் அவள் நேர்மையை மெச்சுகிறார், மெச்சிவிட்டு விற்றுவிடுகிறார். மூன்றடுக்குக் கண்ணாடியோடு கோபுரம் சரிகிறது. [இது எனக்கு மிகவும் பொருந்தும் முடிவு, ஆதலாலேயே இதன்மேல் ஐயம். அறநூலுக்கு ஆகும். யாகொதாவுக்கு ஆகாது.]

மூன்றாவதாக ஒன்றை எழுதத் தொடங்கினேன். அதை முடிக்கவில்லை. இருக்கும் வரை தருகிறேன்.

வியாழக்கிழமை. குளிர்காலம் கழிந்தும் வெளியே பகல் இருட்டாகவே இருந்தது. மழை பனியாவதா வேண்டாவா என்று தயங்கிக்கொண்டிருந்தது. வுகாஷின் உள்ளே வந்தார். வந்தவர் வணக்கம் சொல்லுமுன் திரும்பிப் பார்த்தார்.

"கதவச் சாத்துங்கப்பா. லிப்டுப் பக்கமிருந்து ஊதக்காத்து. கழுத்துல பிடிச்சுக்கப்போகுது."

மிலென்கோ கதவைச் சாத்தினார். வுகாஷின் மேலங்கியைக் கழற்றினார், நாற்காலியில் அமர்ந்தார், கைகளைத் தேய்த்துக்கொண்டார். வடபுறச் சன்னலுக்கு முன்னே, சரியாகத் துளைக்கு நேரே அமர்ந்திருந்தார். அட்டைக்கு முன்னால் யாகொதா தம் கைப்பையை வைத்திருந்தார்.

"நல்லா கதகதன்னு இருக்கு. நான் பாக்காத ஆபீஸ் இல்ல. புதுசு பண்ண எல்லா எடத்துலயும் காலடில ஜில்லுனு ஏறும். இங்க ஒண்ணுமே தெரியல." அவர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. நெவென்காவை ஏறிட்டுப் பார்த்தார். அவர் குரலில் ஐயம் ஏதும் இல்லை. அறியும் ஆவல் மட்டுமே இருந்தது. "எப்படி பண்ண? நெசமாவே தெரிஞ்சுக்கணும். மத்த மாடில இருக்கறவங்க கேப்பாங்கள்ல."

நெவென்கா யாகொதாவைப் பார்த்தாள். யாகொதா கைப்பையைப் பார்த்தார். அதை எடுக்கவுமில்லை, காக்கவுமில்லை. தட்டச்சு ஒலி நின்றது. 

மின்சாரத்தை மிச்சப்படுத்த நெவென்கா பொருத்திய விளக்குகளுக்கு ஒரு குணம் உண்டு: அறையில் எவரும் அசையவில்லையெனின், ஆளில்லை என்று கருதித் தாமே அணைந்துவிடும். அவை அணைந்தன.

சன்னலின் மங்கலான வெளிச்சத்தில் அனைவரும் அப்படியே அமர்ந்திருக்கின்றனர். யாரேனும் ஒருவர் கையைத் தூக்கினால் போதும், விளக்கு எரியும். எரிந்தபின் அவள் வாய் திறந்தே ஆக வேண்டும். நான் எவர் கையையும் தூக்கப்போவதில்லை. அவ்வறையில் உங்களுக்கும் ஓர் இருக்கை போட்டிருக்கிறேன். எங்கே வேண்டுமோ அங்கே நகர்த்திக்கொள்ளுங்கள். பிறகு, விருப்பமிருந்தால், அசையுங்கள்.